எமிட்டர் கூவுகிறது, ஸ்கிரிப்ட்டுக்குக் கேட்கவில்லை

பொருள் விற்கும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பொருளின் பக்கம் திறந்ததும் அதன் பெயர், விலை, கையிருப்பு, எந்த ஊருக்கெல்லாம் டெலிவரி உண்டு என்ற விவரங்கள் நான்கு ஸ்கிரிப்ட்டுகளுக்கு வேண்டும்: கூடை, பரிந்துரைப் பட்டை, சாட் பெட்டி, அனலிட்டிக்ஸ். நான்கும் தனித்தனியாக ஹெச்டிஎம்எல்லைத் துழாவி விலையைத் தேடிக்கொண்டிருந்தால், வடிவமைப்பாளர் ஒரு கிளாஸ் பெயரை மாற்றும் அன்று நான்கும் சேர்ந்து படுத்துவிடும். அதனால்தான் நடுவில் ஒரு ஈவன்ட் எமிட்டரை, அதாவது ஒரு செய்தியை (ஈவன்ட்டை) எல்லா ஸ்கிரிப்ட்டுகளுக்கும் அறிவிக்கும் கோடை, வைக்கிறோம். சர்வர் விவரங்களை ஜேசனாக (தரவை எழுத்தாக எழுதும் ஒரு வடிவம்) பக்கத்திலேயே எழுதிவிடும். ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அதைப் படித்து "பொருள்-தயார்" என்று அறிவிக்கும். வேண்டியவர்கள் லிசனர் (அந்த அறிவிப்பு வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) வைத்துக் கேட்டுக்கொள்வார்கள்.

எமிட்டர் ஒரு தண்டோராக்காரர் மாதிரி. தமுக்கடித்துச் செய்தியைச் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அந்த நேரத்தில் வீட்டில் இல்லாதவருக்குச் செய்தி கிடையாது. நான் துரத்திய எமிட்டர் பிழைகளில் முக்கால்வாசி இந்த ஒன்றை மறந்ததால் வந்தவை. எமிட்டரின் கோடே தப்பாக இருந்தது மிக அபூர்வம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு வேலை செய்துவிடுங்கள். ஈவன்ட்டை அனுப்பும் இடத்தில் ஒரு கன்சோல் லாக் (பிரவுசரின் டெவலப்பர் திரையில் ஒரு வரியை அச்சிடும் கட்டளை), லிசனரைப் பதிவு செய்யும் இடத்தில் ஒன்று, லிசனருக்கு உள்ளே ஒன்று. மூன்றிலும் பெர்ஃபார்மன்ஸ்.நவ் தரும் நேரத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். எது முந்தியது, எது பிந்தியது, எது வரவே இல்லை என்பது தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. எமிட்டருக்குப் பதில் பிரவுசரின் சொந்த ஈவன்ட்டுகளையே பயன்படுத்துகிறீர்கள் என்றால் குரோம் கன்சோலில் இரண்டு கருவிகள் உண்டு: மானிட்டர்ஈவன்ட்ஸ் என்பதிடம் விண்டோவையும் (பக்கம் முழுமைக்கும் பொதுவான ஆப்ஜெக்ட்) ஈவன்ட் பெயரையும் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் அச்சிட்டுக் காட்டும், கெட்ஈவன்ட்லிசனர்ஸ் யார் யார் காது வைத்திருக்கிறார்கள் என்று பட்டியல் போடும். இவை கன்சோலில் மட்டும்தான் ஓடும், உங்கள் கோடில் எழுதினால் வேலை செய்யாது.

எதுவுமே வரவில்லை, கன்சோலும் சுத்தமாக இருக்கிறது

லாக் நேரங்களைப் பாருங்கள். அனுப்பியது 80 மில்லிசெகண்டில், லிசனர் பதிவானது 140-இல் என்று இருந்தால் விஷயம் முடிந்தது. தண்டோரா போன பிறகு கதவைத் திறந்திருக்கிறீர்கள்.

இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் டிஃபர், அதாவது பக்கத்தைப் படித்து முடித்த பிறகு ஓட்டு என்று ஸ்கிரிப்ட்டுக்குப் போடும் குறிப்பு. "எல்லா ஸ்கிரிப்ட்டுக்கும் டிஃபர் போட்டுவிட்டேன், வரிசையாகத்தானே ஓடும்?" என்பார்கள். வரிசையாகத்தான் ஓடும், ஆனால் தனிக் கோப்பாக இருப்பவை மட்டும். பக்கத்துக்குள்ளேயே எழுதிய சாதாரண ஸ்கிரிப்ட்டுக்கு டிஃபர் எடுபடாது. பிரவுசர் அந்த வரிக்கு வந்ததுமே அதை ஓட்டிவிடும். தரவைப் படித்து அறிவிக்கும் சின்ன ஸ்கிரிப்ட் பெரும்பாலும் பக்கத்துக்குள் எழுதியதாகத்தான் இருக்கும். லிசனர்களோ டிஃபர் போட்ட கோப்புகளில் இருக்கும். அதாவது, அறிவிப்பு எப்போதுமே முந்திவிடும். பக்கத்தின் கடைசி வரியில் எழுதினாலும் இதே கதைதான், ஏனென்றால் டிஃபர் கோப்புகள் பக்கம் முழுவதும் படித்து முடித்த பிறகே ஓடும்.

டிஓஎம்கன்டென்ட்லோடட் (பக்கத்தைப் படித்து முடித்ததும் பிரவுசர் தரும் ஈவன்ட்) வரை காத்திருந்து அறிவித்தால் டிஃபர் கோப்புகளும் சாதாரண மாட்யூல்களும் (இம்போர்ட் செய்து சேர்க்கும் கோப்புகள்) அதற்குள் ஓடி முடித்திருக்கும். அசிங்க் போட்டவற்றுக்கு அந்த உத்தரவாதமும் இல்லை. அவை எப்போது வந்து சேர்கின்றனவோ அப்போது ஓடும். அனலிட்டிக்ஸும் சாட் பெட்டியும் அநேகமாக அசிங்க்தான்.

இந்த இடத்தில் கை தானாக செட்டைம்அவுட்டுக்குப் போகும். ஒரு காலத்தில் நானும் 500 மில்லிசெகண்ட் தாமதம் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். என் மேசைக் கணினியில் கச்சிதமாக ஓடியது. இரண்டு நாள் கழித்து ஒரு பழைய போனில், மெதுவான சிக்னலில் திறந்து பார்த்தபோது கூடை காலியாக இருந்தது. அப்புறம் 500-ஐ 1500 ஆக்கினேன். அதையும் எடுத்துவிட்டுச் சரியாகச் செய்ய இன்னும் ஒரு வாரம் ஆனது. தாமதம் பிழையைத் தீர்ப்பதில்லை, அது வெளியே வரும் நாளைத் தள்ளிப்போடுகிறது.

சரியான மருந்து, எமிட்டருக்குக் கொஞ்சம் ஞாபகசக்தி கொடுப்பது. ஒவ்வொரு ஈவன்ட் பெயருக்கும் கடைசியாக அனுப்பிய தரவை ஒரு மேப்பில் (பெயருக்கு எதிரே மதிப்பை வைக்கும் அட்டவணை) வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக யாராவது லிசனர் பதிவு செய்தால், அந்தப் பெயரில் ஏற்கனவே ஏதாவது போயிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் உடனே அவருக்கு மட்டும் கொடுத்துவிடுங்கள். நாலு வரிதான். தண்டோராக்காரர் கையோடு ஊர்ச்சாவடியில் ஒரு நோட்டீஸும் ஒட்டிவிட்டுப் போவது போல.

தளத்தில் அனலிட்டிக்ஸ், விளம்பர ஸ்கிரிப்ட்டுகளைச் சேர்க்க உதவும் கூகுள் டேக் மேனேஜரின் டேட்டாலேயர் இதே யோசனையின் இன்னொரு வடிவம். அது முதலில் வெறும் அர்ரே (பட்டியல்). மேனேஜர் லோடாகும் முன்பு நீங்கள் புஷ் செய்தவையெல்லாம் (கடைசியில் சேர்த்தவையெல்லாம்) அதில் கிடக்கும். வந்ததும் முதலில் கிடப்பதை எல்லாம் படித்துவிட்டு, புஷ் என்ற ஃபங்ஷனையே தன்னுடையதாக மாற்றிக்கொள்ளும். இதனால்தான் நடுவில் யாராவது டேட்டாலேயரைக் காலி அர்ரேயாக மறுபடி அறிவித்தால் அதன் பிறகு எதுவும் போய்ச் சேராது: நீங்கள் புஷ் செய்வது புது அர்ரேயில், மேனேஜர் காது வைத்திருப்பது பழையதில். "இருந்தால் அதையே எடு, இல்லாவிட்டால் புதிது" என்றுதான் எப்போதும் எழுத வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா ஈவன்ட்டையும் இப்படி ஞாபகம் வைக்கக் கூடாது. "பொருள்-தயார்", "பயனர்-உள்ளே" போன்றவை நிலையைச் சொல்பவை. தாமதமாக வந்தவருக்கும் சொல்லலாம். "கூடையில்-சேர்" என்பது செயல். பத்து நிமிடம் கழித்து லோடான ஸ்கிரிப்ட்டுக்கு அதை மறுபடி கொடுத்தால் கூடையில் இரண்டாவது பொருள் ஏறிவிடும். எது நிலை, எது செயல் என்று அனுப்பும் இடத்திலேயே குறித்துவிடுங்கள்.

நேரம் சரியாக இருந்தும் வரவில்லையா? பெயரைப் பாருங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, கடைசியில் ஒட்டிக்கொண்ட ஒரு ஸ்பேஸ், எல்லாமே வேறு பெயர்தான். கேட்க ஆளில்லாத பெயரில் அறிவித்தால் எமிட்டர் எந்தப் பிழையும் காட்டாது. நோட்.ஜேஎஸ் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டுவது) பாணி எமிட்டராக இருந்தால் எமிட் என்ற அறிவிக்கும் ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பு உதவும்: யாராவது கேட்டிருந்தால் ட்ரூ, ஆளே இல்லை என்றால் ஃபால்ஸ். ஈவன்ட்டை அனுப்பும் பிரவுசரின் டிஸ்பாட்ச்ஈவன்ட் தருவது அது இல்லை. அங்கே ட்ரூ வந்தால் எந்த பிரிவென்ட்டிஃபால்ட்டும் (வழக்கமான செயலைத் தடுக்கும் அழைப்பு) எடுபடவில்லை என்று மட்டும்தான் பொருள்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு தனிக் கண்ணி உண்டு. "பொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ப-வும் ஒகரக் குறியும் சேர்ந்து, அல்லது ப, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று துண்டாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கோ அவை வேறு வேறு சரங்கள் (எழுத்துத் தொடர்கள்). "பொருள்" என்பதன் லெங்த்தை அச்சிட்டுப் பாருங்கள். ஒரு கோப்பில் 6, இன்னொன்றில் 7 என்று வந்தால் பிடித்துவிட்டீர்கள். பிடிஎஃப்பிலிருந்து வெட்டி ஒட்டியதில் இந்த உடைந்த வடிவம் வருவதுண்டு. நார்மலைஸ் என்ற ஃபங்ஷனை இரண்டு பக்கமும் ஓட்டினால் ஒன்றாகிவிடும். அதைவிட, பெயர்களை ஒரே கோப்பில் மாறிலிகளாக வைத்து எல்லோரும் அங்கிருந்து எடுப்பது மேல். பெயர் மட்டும் அல்ல, தரவிலும் இது கடிக்கும்: டெலிவரிப் பட்டியலில் உள்ள "கோயம்புத்தூர்" ஒரு வடிவம், பயனர் தட்டச்சு செய்தது வேறு வடிவம் என்றால், ஊர் பட்டியலில் இருந்தும் "இந்த ஊருக்கு டெலிவரி இல்லை" என்று வரும்.

பிரவுசரின் கஸ்டம்ஈவன்ட் (நாமே பெயர் வைக்கும் ஈவன்ட்) பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அது தானாக மேலே, தன்னைச் சுற்றியுள்ள பெட்டிகளுக்கு, போகாது. பொருளின் பெட்டியில் டிஸ்பாட்ச் செய்துவிட்டு டாக்குமென்ட்டில் காது வைத்தால் கேட்காது. பபிள்ஸ் என்பதை ட்ரூ ஆக்க வேண்டும். பெட்டி ஷேடோ டிஓஎம்முக்குள் (டிஓஎம் என்பது பக்கத்து உறுப்புகளின் மரம், ஷேடோ அதில் தனியாக ஒதுக்கி வைத்த கிளை) இருந்தால் கம்போஸ்ட் என்பதும் ட்ரூ ஆக வேண்டும். பக்கம் முழுமைக்கும் பொதுவான செய்தி என்றால் நேராக விண்டோவிலேயே டிஸ்பாட்ச் செய்துவிடுங்கள், இந்தத் தொல்லையே இல்லை.

ஒரு ஸ்கிரிப்ட்டுக்கு வருகிறது, இன்னொன்றுக்கு வருவதில்லை

எமிட்டர் இரண்டிலும் இருக்கிறது, பெயரும் ஒன்றுதான், நேரமும் சரி. என்னை அதிகம் அலைக்கழித்த அறிகுறி இதுதான். காரணம் பெரும்பாலும் ஒன்றே: ஒரு எமிட்டர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் இரண்டு.

மாட்யூல்களைப் பிரவுசர் முழு முகவரியை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. ஒரு கோப்பு எமிட்டரை வெறும் பெயரால் இம்போர்ட் செய்கிறது. இன்னொரு கோப்பு, கேஷை (பிரவுசர் சேமித்து வைத்த பழைய நகலை) தாண்டுவதற்காகக் கடைசியில் கேள்விக்குறி போட்டு வி=2 என்று சேர்த்திருக்கிறது. சர்வரில் இருப்பது ஒரே கோப்பு. ஆனால் பிரவுசர் அதை இரண்டு முறை ஓட்டி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு எமிட்டர்களை உண்டாக்கிவிடும். தனித்தனியாகக் கட்டப்பட்ட இரண்டு பண்டில்கள் (பல கோப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கியவை) ஒவ்வொன்றும் எமிட்டரைத் தன் வயிற்றுக்குள் வைத்திருந்தாலும் விளைவு இதேதான்.

கண்டுபிடிக்க எளிய வழி, எமிட்டர் உருவாகும் இடத்தில் ஒரு ரேண்டம் எண்ணை அதன் மேல் எழுதி, லிசனர் பதிவாகும் போதும் அனுப்பும் போதும் அந்த எண்ணை அச்சிடுவது. இரண்டு எண் வந்தால் இரண்டு எமிட்டர். தீர்வு, விண்டோவில் ஒரே ஒரு பெயரில் எமிட்டரை நிறுத்தி, "ஏற்கனவே இருந்தால் அதை எடு" என்று எழுதுவது. மற்ற ஸ்கிரிப்ட்டுகளின் பெயரோடு மோதும் பயம் இருந்தால் சிம்பல்.ஃபார் தரும் சாவியைப் பயன்படுத்தலாம்; எந்தப் பண்டிலிலிருந்து கேட்டாலும் ஒரே சரத்துக்கு ஒரே சிம்பல்தான் கிடைக்கும். குளோபல் வைப்பது அழகில்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பக்கம் முழுவதற்கும் ஒன்று வேண்டும் என்றால் அதற்கான இடம் விண்டோதான்.

ஈவன்ட் வருகிறது, தரவு வெறுமை: "நல்" அல்லது "அன்டிஃபைன்ட்"

கஸ்டம்ஈவன்ட் உருவாக்கும்போது இரண்டாவது இடத்தில் தரவை அப்படியே போட்டிருப்பீர்கள். அது டீட்டெய்ல் என்ற பெயருக்குள் போக வேண்டும். வேறு பெயரில் போட்டால் பிரவுசர் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு டீட்டெய்லில் நல் வைத்துவிடும். எடுக்கும் பக்கத்திலும் ஈவன்ட்டையே தரவாக நினைத்து ஈவன்ட்.விலை என்று கேட்டிருக்கலாம், ஈவன்ட்.டீட்டெய்ல்.விலை என்று கேட்க வேண்டும். சாதாரண எமிட்டரிலிருந்து பிரவுசர் ஈவன்ட்டுக்கு மாறும்போது இது கட்டாயம் ஒரு இடத்திலாவது நடக்கும்.

கேட்பது பிரவுசர் எக்ஸ்டென்ஷன் பக்கத்துக்குள் நுழைக்கும் கன்டென்ட் ஸ்கிரிப்ட் என்றால் வேறு கதை. அது பக்கத்தின் டிஓஎம்மைப் பார்க்கும், ஆனால் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் மாறிகளை எட்டாது, இரண்டுக்கும் நடுவே சுவர். டிஓஎம் ஈவன்ட் சுவரைத் தாண்டிவிடும், அதில் வைத்த ஆப்ஜெக்ட் முழுதாகத் தாண்டும் என்று நம்ப முடியாது. ஃபயர்ஃபாக்ஸில் அனுமதி மறுப்புப் பிழையாகவே வரலாம். தரவை ஜேசன் சரமாக்கி டீட்டெய்லில் வைத்து, அந்தப் பக்கம் பிரித்துக்கொள்ளுங்கள். சரம் எந்தச் சுவரையும் தாண்டும்.

தரவு வருகிறது, மதிப்பு தப்பு

100 ரூபாய்ப் பொருளும் 50 ரூபாய் டெலிவரியும் சேர்ந்து 10050 என்று காட்டினால் சிரித்துவிட்டு டேட்டா அட்ரிபியூட்டை (ஹெச்டிஎம்எல் உறுப்பில் தரவை எழுதி வைக்கும் இடம்) பாருங்கள். அங்கிருந்து வருவது எல்லாம் சரம்தான். கையிருப்பு "ஃபால்ஸ்" என்ற சரமாக வந்தால் இஃப் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும், தீர்ந்துபோன பொருளுக்கும் வாங்கு பட்டன் தெரியும். விவரங்களை ஜேசன் துண்டாகவே பக்கத்தில் வையுங்கள், எண் எண்ணாகவே வரும்.

இதைவிடக் குழப்பமானது, முதல் லிசனருக்குச் சரியாகப் போய் மூன்றாவதுக்கு மாறிப்போவது. எமிட்டர் எல்லோருக்கும் கொடுப்பது ஒரே ஆப்ஜெக்ட். கூடை ஸ்கிரிப்ட் தன் வசதிக்காக விலையில் வரியைச் சேர்த்து அதே ஆப்ஜெக்ட்டில் எழுதிவிட்டால், அடுத்துக் கேட்கும் அனலிட்டிக்ஸுக்கு வரி சேர்ந்த விலைதான் போகும். கன்சோலும் இங்கே ஏமாற்றும்: ஆப்ஜெக்ட்டை லாக் செய்து, பிறகு அம்புக்குறியை அழுத்தி விரித்தால், லாக் செய்த நேரத்து மதிப்பைக் காட்டாமல் விரித்த நேரத்து மதிப்பைக் காட்டும். இதனால் "அனுப்பும்போதே தப்பாக இருந்தது" என்று எண்ணி ஒரு மாலை முழுவதும் சர்வரைத் திட்டியிருக்கிறேன். ஜேசன் சரமாக்கி அச்சிட்டால் உண்மை தெரியும். தீர்வு, ஒவ்வொரு லிசனருக்கும் ஸ்ட்ரக்சர்ட்குளோன் செய்த நகலைக் கொடுப்பது. ஃபங்ஷனும் டிஓஎம் உறுப்பும் அதில் நகலாகாது, பிழை வீசும். அவற்றைத் தரவோடு அனுப்பாமல் இருப்பதே நல்லது. ஆப்ஜெக்ட்.ஃப்ரீஸ் மேல் அடுக்கை மட்டும்தான் பூட்டும், உள்ளே இருக்கும் பட்டியலை யாரும் மாற்றலாம்.

ஒரே அறிவிப்புக்கு இரண்டு, நாலு, எட்டு முறை ஓடுகிறது

பக்கம் மாறும்போது ரீலோட் ஆகாத தளங்களில் இது சகஜம். ஒவ்வொரு திரைக்கும் லிசனர் சேர்கிறது, எடுப்பவர் இல்லை. ஆட்ஈவன்ட்லிசனரில் அதே ஃபங்ஷனை இரண்டாவது முறை கொடுத்தால் பிரவுசர் கண்டுகொள்ளாது. ஆனால் அந்த இடத்திலேயே எழுதிய பெயரில்லா ஃபங்ஷன் ஒவ்வொரு முறையும் புதிது. அதனால் எல்லாமே சேரும். எடுக்கும்போதும் அதே சிக்கல், பைண்ட் (ஒரு ஃபங்ஷனிலிருந்து புது ஃபங்ஷன் உண்டாக்குவது) செய்து சேர்த்ததை மறுபடி பைண்ட் செய்து எடுக்கப் பார்த்தால் எதுவும் நீங்காது. பதிவு செய்யும்போது அபார்ட்கன்ட்ரோலரின் சிக்னலைக் கொடுத்துவிட்டு, திரை போகும்போது ஒரே ஒரு அபார்ட் அழைப்பில் எல்லாவற்றையும் நீக்குவது எனக்குப் பிடித்த வழி.

ரியாக்ட் 18-இல் (திரைகளைக் கட்டும் ஒரு நூலகம்) சரியாக இரண்டு முறை மட்டும், அதுவும் உங்கள் கணினியில் மட்டும் ஓடுகிறது என்றால் பிழை தேட உதவும் ஸ்ட்ரிக்ட்மோட், எஃபெக்ட்டை (திரை வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) வேண்டுமென்றே இருமுறை ஓட்டிப் பார்க்கிறது. எஃபெக்ட்டின் கடைசியில் லிசனரை நீக்கும் ஃபங்ஷனைத் திருப்பித் தந்திருந்தால் பாதிப்பு இருக்காது. நோட் எமிட்டரில் ஒரே பெயருக்கு 11-ஆவது லிசனர் சேரும்போது நினைவகக் கசிவு எச்சரிக்கை வரும். அந்த வரம்பை 100 ஆக்கி அதன் வாயை மூடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எச்சரிக்கை உங்கள் பக்கம் நின்று பேசுகிறது, கேளுங்கள்.

ஒரு ஸ்கிரிப்ட் விழுந்தால் மற்றவையும் நின்றுவிடுகின்றன

எமிட் என்பது வரிசையாக ஒவ்வொரு ஃபங்ஷனையும் கூப்பிடும் சாதாரண லூப். நடுவில் ஒருவர் பிழை வீசினால் லூப் அங்கேயே அறுந்துவிடும், அதற்கு அடுத்தவர்களுக்குச் செய்தி போகாது. பிரவுசரின் டிஸ்பாட்ச்ஈவன்ட் இப்படி இல்லை. பிழையைக் கன்சோலில் எழுதிவிட்டு அடுத்த லிசனருக்குப் போகும். சொந்த எமிட்டர் என்றால் ஒவ்வொரு அழைப்பையும் ட்ரை கேட்ச்சுக்குள் வையுங்கள், பிடித்த பிழையை விழுங்காமல் கன்சோலுக்கு அனுப்புங்கள். லிசனர் அசிங்க் ஃபங்ஷன் (வேலையைப் பிறகு முடிக்கும் ஃபங்ஷன்) என்றால் இந்த ட்ரை கேட்ச் அதன் பிழையைப் பிடிக்காது, எமிட்டும் அது முடியக் காத்திருக்காது.

முதல் பக்கத்துக்கு மட்டும் வருகிறது

புஷ்ஸ்டேட் செய்தால் (ரீலோட் இல்லாமல் முகவரியை மாற்றினால்) பாப்ஸ்டேட் ஈவன்ட் வராது. பின்செல்லும், முன்செல்லும் பட்டன்களுக்குத்தான் அது வரும். ரவுட்டர் (எந்த முகவரிக்கு எந்தத் திரை என்று முடிவு செய்யும் கோட்) பக்கத்தை மாற்றி முடிக்கும் இடத்திலிருந்து நீங்களே "பொருள்-தயார்" அறிவிக்க வேண்டும். முன் சொன்ன ஞாபக மேப்பில் பழைய பொருள் இன்னும் உட்கார்ந்திருக்கும், அதை முதலில் அழித்துவிடுங்கள்.

ஐஃப்ரேமுக்குள் கேட்கவில்லை

ஐஃப்ரேம் (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கம்) தனி விண்டோ, உங்கள் எமிட்டர் அங்கே இல்லை. போஸ்ட்மெசேஜ் (ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்புவது) செய்து, வாங்கும் பக்கத்தில் ஆரிஜினை (எந்தத் தளத்திலிருந்து வந்தது என்பதை) சரிபார்க்க வேண்டும். அனுப்பும்போதும் இலக்கு ஆரிஜின் இடத்தில் நட்சத்திரக் குறி போடாதீர்கள். அதே மூச்சில் இன்னொன்று: எமிட்டரில் போவதை அந்தப் பக்கத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்ட்டும் கேட்க முடியும், விளம்பர ஸ்கிரிப்ட் உட்பட. போன் நம்பர், முகவரி, லாகின் டோக்கன் எதையும் அதில் ஏற்ற வேண்டாம்.

பட்டனை அழுத்தியதும் போகும் ஈவன்ட் மட்டும் காணாமல் போகிறது

ஈவன்ட் காணாமல் போகவில்லை, லிசனர் ஓடியிருக்கும். பக்கம் அடுத்த முகவரிக்குத் தாவியதில் அது அனுப்பிய கோரிக்கைதான் பாதியில் அறுந்தது. அனலிட்டிக்ஸ் லிசனரில், பக்கம் மாறினாலும் அனுப்பி முடிக்கும் சென்ட்பீக்கன் அல்லது கீப்அலைவ் சேர்த்த ஃபெட்ச் பயன்படுத்துங்கள். 64 கேபிக்கு மேல் அதில் போகாது, ஒரு கிளிக்கைச் சொல்ல அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். சோதிக்கும் முன் நெட்வொர்க் டேபில் பிரிசர்வ் லாக் என்ற கட்டத்தை டிக் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கம் மாறியதும் பட்டியல் துடைக்கப்பட்டு, ஒழுங்காகப் போன கோரிக்கையையும் போகவில்லை என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.